மதியம் இரண்டு மணி, சிவப்பு விளக்கு, கார் ஏசி

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போய் வந்தோம், அதுவும் உச்சக் கோடையில். பிள்ளைகளுக்கு எப்போது லீவோ அப்போதுதான் கிளம்ப முடியும், வேறு வழியில்லை. இருந்த மூன்று வாரத்தில் முதலில் டிரைவரோடு ஒரு வாடகைக் கார், அப்புறம் தம்பியின் பத்து வருடப் பழைய கார், கடைசி ஐந்து நாள் ஒரு மின்சாரக் கார் என்று மாறி மாறிச் சுற்றினோம். பாதி நாட்கள் வெளியே 41, 42 டிகிரி. குழந்தையின் குளியல் தண்ணீருக்காக மனைவி எடுத்து வந்திருந்த சின்னத் தெர்மாமீட்டரைப் போகிற காரில் எல்லாம் ஏசி காற்று வருகிற இடத்தில் செருகிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

வாடகைக் காரில் முதல் நாள். வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போது காற்று 11 டிகிரி, குறையே சொல்ல முடியாது. ஊருக்குள் நுழைந்து சிக்னல் சிக்னலாக நிற்க ஆரம்பித்ததும் 15, 17, கடைசியில் 19. பின்சீட்டில் சின்னவள் அழுகை. டிரைவரிடம் கேட்டால், "வெயில் ஜாஸ்தி சார், எந்த வண்டியா இருந்தாலும் இப்படித்தான்" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சர். வெளிக்காற்றைவிட அது சூடாக இருந்தால்தான் சூடு வெளியேறும். ஏசி குழாய்க்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கிற ஆர்-134ஏ என்ற கேஸை 60 டிகிரியில் திரவமாக்க ஏறக்குறைய 16 பார் அழுத்தம் வேண்டும். வெளியே 25 டிகிரி என்றால் நடுவில் 35 டிகிரி வித்தியாசம் கிடைக்கும், 42 என்றால் 18தான். அந்தக் குறையை ஈடுகட்ட அழுத்தம் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது, கேஸை அழுத்துகிற கம்ப்ரசருக்கு வேலை கூடுகிறது. சரி, வண்டி ஓடினால் எதிர்க்காற்றாவது உதவும். நின்றுவிட்டால் ஃபேன் மட்டுமே துணை. கம்ப்ரசர் எஞ்சினோடு பெல்ட்டில் கட்டப்பட்டது, ஐட்லிங்கில் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். போதாததற்கு பானெட்டுக்குள் இருக்கிற சூடான காற்றே சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும், முன்னே நிற்கிற பஸ்ஸின் புகைச்சூடு வேறு.

ஆனால் மீதிப் பாதி அவர் கையில் இருந்தது. உள்காற்றைச் சுற்றவிடும் பட்டன் அணைந்தே கிடந்தது. கண்ணாடியில் ஆவி படியும் என்று பயந்து அதைத் தொடுவதே இல்லையாம். மழைக்காலத்துக்கு அது சரி. இந்த வெயிலில், ஏற்கெனவே 28 டிகிரிக்கு வந்துவிட்ட உள்காற்றை விட்டுவிட்டு 42 டிகிரிக் காற்றை இழுத்துக் குளிர வைக்கச் சொன்னால் எந்த ஏசியும் திணறும். பட்டனை அழுத்தச் சொன்னேன், அடுத்த பெரிய சிக்னலில் 14. (மணிக்கணக்கில் அப்படியே விடவும் கூடாது. ஐந்து பேர் மூச்சுவிடும் அடைத்த வண்டியில் கரியமில வாயு கூடி டிரைவருக்குத் தூக்கம் வரும். அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிட்டோம்.)

இத்தனைக்கும் கார் ஏசி சின்ன ஏசி இல்லை. படுக்கையறையில் மாட்டுகிற ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட், கார் ஏசி சாதாரணமாக அதைவிடப் பெரியது, 5 கிலோவாட் அளவுக்கு இருக்கும். ஒரு அலமாரி அளவு இடத்துக்கு அது எதற்கு என்றால், சுற்றிலும் கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வரை கொட்டுகிற உச்சி வெயில். 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69, ஸ்டியரிங் 53. நிழலில் நின்றவற்றில் டேஷ்போர்டு 48தான். ஏறி உட்கார்ந்ததும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, அந்தச் சூட்டை வெளியே தள்ளிய பிறகு ஏற்றினால் ஏசிக்குப் பாரம் குறையும். இதைச் சொன்னால், "ஏசி வண்டியில கண்ணாடிய எறக்குறதா?" என்று தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தம்பி கார் கதைதான் பெரிய கதை. நாங்கள் வருகிறோம் என்று முன்கூட்டியே ஏசி பார்க்கக் கொடுத்திருக்கிறான். மெக்கானிக் அழுத்தம் பார்க்கிற கேஜ் எதுவும் மாட்டவில்லை, கேஸின் எடையும் பார்க்கவில்லை. "கேஸ் தீந்துருச்சு" என்று சொல்லி நிரப்பி, கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது என்று வால்வு முனையை அமுக்கிக் காற்றில் விட்டும் இருக்கிறார். அந்த கேஸ் ஒரு கிலோ போனால் 1,400 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம், அது தனி வயிற்றெரிச்சல். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது ஐஸ் மாதிரி இருந்ததாம். நான் வந்து மதியம் எடுத்தேன். ஓடும்போது 12, சிக்னலில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று, 24 டிகிரி. சிறிது நேரத்தில் மறுபடி டக், குளிர் வந்தது, மறுபடி போனது.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஏசி வேலை மட்டுமே செய்கிற ஒரு வயதானவர். கேஸ் என்ற பேச்சையே எடுக்காமல் வண்டியை நிறுத்தி ஸ்டார்ட்டில் வைத்து, கண்டென்சர் மேல் ஹோஸால் தண்ணீர் அடித்தார். என் தெர்மாமீட்டர் கண்ணெதிரே 22இல் இருந்து 13க்கு இறங்கியது. "உள்ள ஒண்ணும் கெடல தம்பி, சூடு வெளிய போகல, அவ்வளவுதான்." கண்டென்சர் தகடுகளுக்கு நடுவில் களிமண்ணும் பூச்சியும் அடைத்துக் கிடந்தன. ஃபேன் மெதுவான வேகத்தில் மட்டும் சுற்றியது, அதிக வேகத்துக்கான ரிலே என்கிற மின்சுவிட்ச் செத்துப்போயிருந்தது. போதாக்குறைக்கு கேஸ் அதிகம். பானெட்டுக்குள் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 450 கிராம் என்று போட்டிருக்கிறது, மெஷினில் உறிஞ்சி எடுத்தால் 600க்கு மேல். கேஸ் கூடினால் அழுத்தம் கூடும், மதிய வெயிலில் அது எல்லை தாண்டும், 30 பார் பக்கம் போனதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைக் காப்பாற்ற அதை நிறுத்திவிடும். டக் சத்தம் அதுதான். மாலையில் வெளியே சூடு குறைவு, அதனால்தான் அப்போது எதுவும் தெரியவில்லை.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வருடக்கணக்கில் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியலாம், சட்டென்று குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் நிரப்புவது என்ன வைத்தியம்?

பெரியவர் கைதேர்ந்தவர், சந்தேகமில்லை. நேரம் சொல்வதில் மட்டும் மோசம். மாலைக்குள் என்றார், ரிலே வரவில்லை என்று மறுநாள் மாலை ஆனது. நான்கு முறை போன் செய்தேன், எடுத்தது ஒரு முறை. ஆனால் அதற்கடுத்த நாள் மதியம் அதே சிக்னலில் 13, ஓடும்போது 9. மன்னித்துவிட்டேன்.

மின்சாரக் காரை ஒரு பரீட்சையாகத்தான் எடுத்தேன். அதில் கம்ப்ரசருக்குத் தனி மோட்டார், எஞ்சின் வேகம் என்ற பேச்சே இல்லை. சிவப்பு விளக்கில் நின்றாலும் 8, ஓடினாலும் 8. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே போனிலிருந்து ஏசியைப் போட்டுவிடலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. வாடகைக்கு விட்டவர்கள் அந்தச் செயலியை எங்களுக்கு இணைத்துத் தரவே இல்லை, கேட்டால் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், ஐந்து நாளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நடு மதியத்தில் வேக சார்ஜ் போடும்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் காற்று 13 வரை ஏறியது. பேட்டரியைக் குளிர வைப்பதும் அதே ஏசிதான், இரண்டு பேருக்கும் பங்கு.

கடற்கரைப் பக்கம் போன அன்று வெளியே 35தான், ஆனால் வண்டி குளிர அதிக நேரம் பிடித்தது. ஈரப்பதம். காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்கவே 5 கிலோவாட் ஏசியின் எட்டு நிமிட உழைப்பு போய்விடும். அந்தத் தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்டிக் குளம் கட்டியிருந்ததைப் பார்த்து மனைவி ரேடியேட்டர் ஓட்டையோ என்று பயந்துவிட்டாள்.

திரும்பும்போது விமான நிலையத்துக்கு அதே முதல் நாள் வாடகைக் கார், அதே டிரைவர். "இப்ப பாருங்க சார், ஏசி பின்னுது" என்றார் பெருமையாக. தெர்மாமீட்டர் 6 காட்டியது, சின்னவள் போர்வை கேட்டாள். மணி அதிகாலை மூன்று, வெளியே 29 டிகிரி, வழியில் ஒரு சிக்னல்கூட எரியவில்லை.