படகில் தண்ணீர் ஏறுகிறதா? ஓட்டை எங்கே என்று காட்டாத பட்டறையில் படகை விடாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள். எங்கள் படகை ரிப்பேருக்கு எடுத்த பட்டறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே வேலையை ஆரம்பித்து, செய்யாத வேலைக்கும் சேர்த்துப் பில் போட்டு, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பணம் போனதுகூடப் போகட்டும். என் தம்பியும் கூடப் போனவரும் மாறி மாறி வாளியால் இறைத்துக்கொண்டே கரை வந்து சேர்ந்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருபத்து நான்கு அடிப் படகு. அவுட்போர்டு எஞ்சினைப் பின்பலகையில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறோம். கரையோரம் சும்மா கட்டிக் கிடக்கும்போது தண்ணீர் அவ்வளவாக வராது. வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி, எஞ்சினை முடுக்கி ஓட்டினால் பின்பக்கம் கணுக்கால் அளவு ஏறிவிடும். தம்பி இதைப் பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொன்னான். வேலை தெரிந்தவருக்கு இந்தத் தகவலே பாதி வழியைக் காட்டிவிடும். படகு சும்மா நிற்கும்போதும் தண்ணீர் விடாமல் ஏறினால், நீர்மட்டத்துக்குக் கீழே எங்கோ ஓட்டை. பாரம் ஏற்றி ஓடும்போது மட்டும் ஏறினால், முதலில் பார்க்க வேண்டியது பின்பலகையையும் போல்ட் துளைகளையும்தான். எஞ்சின் தள்ளும்போது பலகை அசையும், துளை விரியும். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் அந்தத் துளைகளும் தண்ணீருக்குள் போய்விடும்.

அவர் படகின் பின்பக்கம் போய் நின்றுகூடப் பார்க்கவில்லை. "ஏரா தேஞ்சுபோச்சு தம்பி. அடி முழுக்க ரெண்டு மேட் போடணும். பின்பலகையில ப்ளைவுட்டையும் மாத்திடலாம்" என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். ஏரா என்றால் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. மேட் என்பது ரெசின் என்ற பசை தடவி ஒட்டும் கண்ணாடி நார் விரிப்பு. அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அவை எல்லாம் ரிப்பேருக்கு ஏறும் நேரம் என்பதால் பட்டறைகளில் ஆள் கிடைப்பது கஷ்டம். எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கோ அப்போதுதான் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஒரு நாள் தொழில் போனாலும் நட்டம். அந்த அவசரம் அவருக்கும் நன்றாகத் தெரியும்.

பில்லில் அடிப்பாகம் மேட் வேலை, புதிய மரைன் ப்ளைவுட், கூலி என்று தனித்தனியாக எழுதி 46 ஆயிரம் வாங்கினார். படகு பளபளவென்று வந்தது. பாரம் ஏற்றிக் கடலில் இறக்கினால் அதே தண்ணீர், அதே இடம். திரும்பப் போய்க் கேட்டோம். மழைத் தண்ணீராக இருக்கும் என்றார். மழையே பெய்யாத நாட்கள் அவை. தம்பி அதே இடத்தில் தொட்டு நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறது என்று சொன்னான். அப்புறம் அலை தெறித்து விழுந்திருக்கும் என்றார். கடைசியில் உள்பக்க மூலைகளில் எம்-சீல் தடவி, அதற்கும் ஐயாயிரம் வாங்கிக்கொண்டார். தம்பி வாளியால் இறைத்துக்கொண்டு வந்தது அதற்கடுத்துத்தான்.

பிறகு பக்கத்து ஊர் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டோம். வயதானவர். அவர் பார்த்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

படகைக் கரையேற்றி, ஏராவுக்கு அடியில் நெருக்கமாகக் கட்டைகள் கொடுத்து, எஞ்சினைக் கழற்றச் சொன்னார். உள்ளேயும் வெளியேயும் நன்றாகக் காயவிட்டார். அப்புறம் நல்ல தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து படகுக்குள் ஊற்றினார். விளிம்பு வரைக்கும் ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம், கட்டை சரியாக இல்லாவிட்டால் படகே விரிசல் விடும். பின்பலகையின் கீழ் போல்ட்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றினார். வெளிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் தூள் தடவிவிட்டு, "இனி பொறுமையா பாருங்க மாப்ள" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடிப்பாகம் காய்ந்தபடியே கிடந்தது. ஏராவிலும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பின்பலகையின் கீழ்ப்பக்க இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி முதலில் ஒரு நீல வளையம் தெரிந்தது. பிறகு அங்கிருந்து கோடாக இறங்கியது. தண்ணீர் வடிக்கும் துளையின் மூடி இருக்கிறதே, அதன் வளையத்துக்கு அடியிலும் லேசாகக் கசிந்தது.

சின்னச் சுத்தியலால் பலகை நெடுகத் தட்டினார். மேல்பக்கம் கணீரென்றது, போல்ட் பக்கம் வர வர 'பொத்து பொத்து' என்றது. உள்பக்கத்திலிருந்து மெல்லிய துளை ஒன்று போட்டார். ட்ரில்லில் சுற்றிக்கொண்டு வந்தது கறுத்து ஈரமான மரக்கூழ். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது பழைய ப்ளைவுட்டேதான். அதன்மேல் ஒரு சுற்று மேட் ஒட்டிப் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். புதுப் பலகை என்று எங்களிடம் காசு வாங்கிய இடம் அது!

அடியில் போட்ட மேட்டையும் ஓரத்தில் கத்தி முனையால் நெம்பினார். கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல ஒரே துண்டாக வந்துவிட்டது. உள்பக்கம் எங்கள் பழைய பச்சைப் பெயின்ட் அப்படியே ஒட்டியிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, ஃபைபர் தெரியும்வரை கிரைண்டர் போட்டு, அசிட்டோனில் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் ரெசின் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்காது. இது பட்டறையில் எடுபிடி வேலை செய்கிற பையனுக்கும் தெரிந்த விஷயம். தெரியாமல் செய்த தவறு என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்போது ஓடாவியே பின்பலகையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மரைன் ப்ளைவுட் என்றால் பலகையிலேயே ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது வீட்டு வேலைக்கான சாதாரண ரகம். ஒட்டி மூடுவதற்கு முன்னால் அந்த முத்திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. போல்ட் துளைகளின் உள்சுவருக்கு ரெசின் தடவிக் காயவிட்டு, எவர்சில்வர் போல்ட் போட்டு, பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து முறுக்கினார். மூடியின் வளையத்துக்கும் அதே சீலன்ட். பாரம் ஏற்றி ஓட்டியாயிற்று, பின்பக்கம் காய்ந்தே இருக்கிறது.

பில், போட்டோ, உரிந்த மேட் துண்டு எல்லாவற்றையும் வைத்துப் பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அங்கேதான் அடுத்துப் போகிறோம். அது முடியும்வரை பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை.

போன தடைக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பின்பலகை மாற்றியவர்கள், வாடைக்காற்று பிடிப்பதற்கு முன்னால் எஞ்சினைக் கழற்றி, போல்ட் பக்கம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'பொத்து' என்று கேட்டால் படகைக் கடலில் இறக்காதீர்கள்.