பாதத்தின் வெளி ஓர வலி: தசைநாணா, எலும்பா?

சுண்டுவிரலில் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாகக் குதிகால் பக்கம் தடவிக்கொண்டே போங்கள். பாதி வழியில் ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும். சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள நீள எலும்பான ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி அது. கணுக்காலுக்குப் பின்னாலிருந்து இறங்கிவரும் பெரோனியல் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்று ஒட்டுவதும் அதே இடத்தில்தான். அதனால் தசைநாண் வலியும் எலும்பு முறிவும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றிவிடும்.

தசைநாண் வலி பெரும்பாலும் மெல்ல மெல்ல வரும். பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும்போது இன்னொருவர் கையால் எதிர்த்துப் பிடித்தால் வலி கூடும். நடையைக் குறைப்பது, நல்ல செருப்பு, பிசியோதெரபி என்று இதற்குப் பொறுமைதான் வைத்தியம்.

கால் மடங்கி, அன்றைக்கே வலி பிடித்திருந்தால் கதை வேறு. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்த விதி இதற்கு நன்றாக உதவும். அந்த முடிச்சை அழுத்தினால் வலிக்கிறதா, அல்லது அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலி இல்லை என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கும் முன் தயவுசெய்து யாரிடமும் நீவிக்கொள்ளாதீர்கள்.

சரி, முறிவு என்றே தெரிந்துவிட்டது. முடிச்சின் நுனி மட்டும் பிய்ந்திருந்தால் அதிகம் கவலைப்பட வேண்டாம். கெட்டியான அடியுள்ள காலணியோ பூட்டோ போட்டு, வலி பொறுக்கிற அளவு நடந்தாலே எலும்பு பெரும்பாலும் ஒன்றுகூடிவிடும். அதிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளி முறிந்திருந்தால் அது ஜோன்ஸ் முறிவு. ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நடனமாடும்போது தன் காலிலேயே இப்படி முறித்துக்கொண்டு, 1902-ல் அதை எழுதி வைத்தார். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. எலும்பு ஒன்றுகூடத் தாமதமாகும், சிலருக்குக் கூடாமலே போகும்.

இங்கேதான் மாவுக்கட்டா, அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் ஸ்க்ரூ வைப்பதா என்ற கேள்வி வருகிறது. கட்டு என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது. கத்தி படாது, ஆனால் கூடாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஸ்க்ரூ வைத்தால் சீக்கிரம் கூடும், சீக்கிரம் நடக்கலாம். மயக்க மருந்து, தொற்று, அருகிலுள்ள நரம்பு பாதிப்பு ஆகியவை அதன் ஆபத்துகள். விளையாட்டு வீரர்களுக்கும், வாரக்கணக்கில் காலை ஊன்றாமல் இருக்கவே முடியாதவர்களுக்கும் ஸ்க்ரூதான் மேல் என்பேன். முறிந்த எலும்பு விலகாமல், வீட்டில் ஓய்வெடுக்க வசதியும் இருந்தால் முதலில் கட்டைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்க்ரூ வைத்தாலும் எலும்புக்கு அதன் நேரம் வேண்டும். கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட் 2014 அக்டோபரில் ஜோன்ஸ் முறிவுக்கு ஸ்க்ரூ வைத்துக்கொண்டு டிசம்பரிலேயே ஆடத் தொடங்கினார். அடுத்த மார்ச்சில் எலும்பு ஒட்டு (முறிந்த இடத்தில் வைக்கும் வேறு எலும்புத் துண்டு) வைக்க மறுபடி அறுவை சிகிச்சைக்குப் போனார்.