டி-6ஆ, 9ஏ7ஆ: வைட்டமின் டி ஏற்பிக்கு எந்த ஆன்டிபாடி?

வைட்டமின் டி ஏற்பியை, அதாவது செல்லுக்குள் வைட்டமின் டி போய் ஒட்டும் புரதத்தை, திசுவில் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி வாங்க உட்கார்ந்தால் பட்டியல் முடியவே முடியாது. விலையையும், எத்தனை கட்டுரைகளில் பயன்பட்டது என்பதையும் பார்த்து வாங்குவதுதான் வழக்கம். நான் முதலில் கேட்பது வேறு: மரபணுவை நீக்கி அந்த ஏற்பியே இல்லாமல் செய்த நாக்கவுட் சுண்டெலியின் திசுவில் இந்த ஆன்டிபாடி எதையும் பிடிக்காமல் சும்மா இருக்கிறதா?

மனித ஏற்பி 427 அமினோ அமில நீளம். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட்டில் 48 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் நிற்கும். செல்லில் இருப்பதோ மிகக் கொஞ்சம். அதனால் கண்டதையும் பிடிக்கும் ஆன்டிபாடி சுலபமாக ஏமாற்றிவிடும்.

மூத்தது 9ஏ7. கோழிக்குடல் ஏற்பிக்கு எதிராக எலியில் உருவாக்கிய மோனோகுளோனல், அதாவது ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடி; பைக், ஹாஸ்லர் குழு 1982-இல் வெளியிட்டது. டி.என்.ஏ. பிணையும் பகுதியை ஒட்டிப் பிடிக்கும். அந்தப் பகுதி உயிரினத்துக்கு உயிரினம் அதிகம் மாறாததால் மனிதத் திசுவிலும் ஓடும். மனிதத் தசைத் திசுவில் ஏற்பி இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னவர்கள் நம்பியது இதைத்தான்.

அடுத்தது சி-20. முயலில் உருவாக்கிய பாலிகுளோனல், அதாவது பல வகை ஆன்டிபாடிகளின் கலவை. ஒரு காலத்தில் எல்லா ஃப்ரீசரிலும் இருந்தது. அமெரிக்க வேளாண்துறையுடன் 2016-இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின் அதை விற்ற சாண்டா க்ரூஸ் நிறுவனம் முயல், ஆடு பாலிகுளோனல்களைக் கைவிட்டது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

டி-6, மனித ஏற்பியின் வால்பகுதியைப் பிடிக்கும் சுண்டெலி மோனோகுளோனல். விஸ்கான்சினில் டெலூகா குழு 2010-இல் பல ஆன்டிபாடிகளை நாக்கவுட் திசுவில் சோதித்தபோது பலவும் இல்லாத ஏற்பிக்குப் பட்டை காட்டின, தேறியது டி-6.

ஆனால் சுண்டெலித் திசுவில் டி-6 போட்டால் ஒரு வம்பு உண்டு. டி-6 எங்கே ஒட்டியது என்று காட்ட மேலே போடும் இரண்டாம் ஆன்டிபாடி, சுண்டெலி ஆன்டிபாடி எதுவானாலும் பிடிக்கும்; அதனால் திசுவிலேயே இருக்கும் சுண்டெலி இம்யூனோகுளோபுலினையும் (இயல்பான ஆன்டிபாடி) பிடிக்கும். அதன் பெரிய துண்டான கனச்சங்கிலி 50 கிலோடால்டன், அதாவது நம் ஏற்பிக்குப் பக்கத்து வீடு. தசையில் அழகான பட்டை ஒன்றைப் பார்த்து நான் இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாவது நாளில், முதல் ஆன்டிபாடியான டி-6ஐயே ஊற்றாமல் ஓட்டினேன். அதே இடத்தில் அதே பட்டை! அப்புறம் சுண்டெலித் திசுவுக்கு முயல் மோனோகுளோனலான டி2கே6டபிள்யூ பக்கம் போய்விட்டேன். மனித செல் என்றால் இன்றும் டி-6தான். கோழி என்றால் யோசிக்காமல் 9ஏ7.

சரி, நல்ல ஆன்டிபாடி கிடைத்தால் போதுமா? டி-6ஐ வைத்து டெலூகா குழு 2011-இல் தசையில் ஏற்பி தென்படவில்லை என்றது. 2014-இல் சிட்னி குழு அதே டி-6ஐ எடுத்து, செல்லை உடைக்கும் கரைசலை மட்டும் செறிவு கூடியதாக மாற்றியது. சுண்டெலித் தசையில் மெல்லிய பட்டை வந்தது.