மின்ட் நல்லது, பாமினி வராதவரை

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததிலிருந்து கொழும்பில் கேட்கும் கேள்வி ஒன்றேதான். "ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏற்காதாம். வீசவும் மனமில்லை. லினக்ஸ் மின்ட் போடலாமா?"

போடலாம். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான மின்டின் 22ஆம் பதிப்பை ஒன்றரை வருடம் தினமும் பாவித்த பிறகு சொல்வது இது. ஆனால் அந்த மெசினில் தமிழில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

பதிவது அரை மணித்தியால வேலை. மின்டைப் பதிவதற்கான ஐஎஸ்ஓ பைல் 3 ஜிபியை ஒட்டி வரும். 8 ஜிபி பென் டிரைவில் ரூபஸ் என்ற மென்பொருளால் எழுதிக்கொள்ளலாம். விண்டோஸையும் கூடவே வைத்திருப்பதானால், முதலில் அதன் பவர் ஒப்ஷன்ஸில் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்திவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், மூடினாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். மின்டிலிருந்து டி டிரைவைத் திறந்தால் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. பலர் "ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது" என்று பயப்படுவது இதற்குத்தான்.

பென் டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்த்து, வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்த பிறகே 'இன்ஸ்டோல்' அழுத்துங்கள். வைஃபை டொங்கிள் பிடிபடாவிட்டால் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போடுங்கள், இணையம் வந்துவிடும். டிரைவரைப் பிறகு ஆறுதலாகத் தேடலாம். பார்ட்டிஷனைச் சுருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கரண்ட் போகக் கூடாது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் மழை இருட்டும் பின்னேரம் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

விண்டோஸுக்குத் திரும்பிப் போகும்போது மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டினால் பற்றரி சாகவில்லை. மின்ட் மதர்போர்டில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. டெர்மினலில் ஒரு வரிக் கட்டளையால் மின்டையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

வேகம் பற்றி நீட்டத் தேவையில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள், பாதிப் புகழ் அதற்குத்தான். மீதிப் புகழ், கேட்காமல் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகாத குணத்துக்கு. ஏதாவது குழம்பினாலும் மெசினின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிப்ட் வைத்திருந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஒன்றரை வருடத்தில் இந்தப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை தமிழில். சரியாகச் சொன்னால், பாமினி என்ற பழைய தமிழ்ப் பொன்டில்.

இணையத்திலும் கைத்தொலைபேசியிலும் வரும் யூனிகோடுத் தமிழ் பிரச்சினையே இல்லை. பிரவுசரில் எழுத்து உடையாமல் அழகாக வரும். தட்டச்சுக்கு சொப்ட்வெயார் மனேஜரில் ஐபஸ் என்ற கருவியையும் அதன் எம்17என் பொதியையும் போட்டு, 'இன்புட் மெதட்' அமைப்பில் ஐபஸ்ஸைத் தெரிந்து, ஒருமுறை லொக் அவுட் செய்து உள்ளே வந்தால் தமிழ்99, பொனெடிக், இலங்கைத் தரமான ரெங்கநாதன் என்ற கீபோர்ட் அமைப்புகள் எல்லாம் பட்டியலில் நிற்கும். லொக் அவுட் செய்யாமல் "வேலை செய்யவில்லை" என்று கைவிடுபவர்கள்தான் அதிகம். பாமினியில் பழகிய விரலுக்கு ரெங்கநாதன் கிட்டவரும், ஆனால் சில சாவிகளில் தடுக்கி விழும்.

இப்போது பாடசாலையிலிருந்தோ கோயில் சபையிலிருந்தோ ஒரு வேர்ட் பைல் வருகிறது. மின்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒபிஸில் திறந்தால் தமிழ் இல்லை. 'கொழும்பு' இருக்கவேண்டிய இடத்தில் என், எஃப், எச், பெரிய ஓ, கே, ஓர் அரைப்புள்ளி, பெரிய ஜி என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பைலில் இருப்பதும் உண்மையில் அதுதான். பாமினி ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேசம் போடும் ஒரு பொன்ட், வேசம் இல்லாத மெசினில் முகம் தெரிந்துவிடுகிறது.

பொன்ட் பைலை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டோல் பண்ணினால் வாசிக்கலாம். திருத்தப் போனால்தான் வினை. வாக்கியத்தின் முதல் எழுத்தை லிப்ரே ஒபிஸ் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. 'அம்மா' என்று தொடங்கினால் 'ஆம்மா' ஆகிவிடும். டூல்ஸ், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய், வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவையும், சேர்ந்து வரும் இரண்டு பெரிய எழுத்தைத் திருத்தும் தெரிவையும் எடுத்துவிடுங்கள். ஆங்கிலக் கடிதம் எழுதும்போது அவை இல்லாதது உறுத்தும். மாற்றி மாற்றிப் போடவேண்டியதுதான்.

யூனிகோடுக்கு மாற்றினால் தீருமா? மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன, மின்டிலும் ஓடும். ஆனால் பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் 'இ'. கடிதத்தில் ஆங்கிலப் பொன்டில் போட்ட காற்புள்ளியெல்லாம் மாற்றிய பின் 'இ' ஆகி நிற்கும். இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் "கொழும்புஇ கண்டிஇ யாழ்ப்பாணம்" என்று கண்டிருப்பீர்களே, அதே வியாதி.

இன்னொன்று. லிப்ரே ஒபிஸ் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பொன்ட் வைக்கிறது. தமிழ் போகும் கட்டத்தில் முதலில் நிற்பது பெரும்பாலும் ஏதோ ஒரு தேவநாகரி பொன்ட். ஒப்ஷன்ஸில் ரைட்டரின் 'பேசிக் பொன்ட்ஸ் – சிடிஎல்' பக்கத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றாவிட்டால், அளவு ஒரு மாதிரியும் வரி இடைவெளி ஒரு மாதிரியுமாகத்தான் வரும்.

இதில் மின்ட் செய்த பிழை ஒன்றுமில்லை. யூனிகோடு வந்து இத்தனை வருடமாகியும் பாமினியை விடாத நம்முடைய பழக்கத்தின் பிழை. தெரிந்தும் கோபம் மின்டின் மேல்தான் வருகிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் கண்முன் இருப்பது அது.

ஆகவே பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், வங்கி, மின்னஞ்சல் என்றால் நாளைக்கே போடுங்கள். வெள்ளவத்தையில் தமிழ் டைப்செட்டிங் செய்து பிழைப்பவர் கேட்டால், இவ்வளவு புகழ்ந்த பிறகும், வேண்டாம் என்பதே பதில். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் விண்டோஸுக்கு 80 ஜிபி ஒதுக்கி வைத்து, பாமினி வரும் நாளில் மட்டும் அதற்குள் போய்வரலாம். கொமினிகேஷன் கடைக்கு அச்சடிக்கக் கொண்டுபோவதானால் பைலை அல்ல, பிடிஎப்பாக ஏற்றுமதி செய்துகொண்டு போங்கள். பொன்ட் அதற்குள்ளேயே இருக்கும்.