ராக்கா, கன்ட்ரியா?

பதினைந்து வருடமாக ராக் இசை மட்டுமே கேட்டவன் நான். பிளாக் சாபத் இசைக்குழுவின் 1970-ஆம் வருட முதல் ஆல்பத்தைக் காரைக்குடி வீட்டு வளவில் சத்தமாகப் போட்டால் மரத்தூண்கூட அதிரும். ராக் முதலில் உடம்பில்தான் ஏறும், வரிகளெல்லாம் அப்புறம்தான்.

அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியில் இது தலைகீழ். 1968 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோல்சம் சிறைக் கைதிகள் முன்னால் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிய பதிவை ஒரு மழைநாளில் தற்செயலாகக் கேட்டேன். அவருடைய குழுவின் லூதர் பெர்கின்ஸ் கிட்டாரின் தடித்த தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி வாசிப்பது அப்படியே ரயில் ஓடுகிற சத்தம். அதன் மேல் கேஷின் அந்தக் கனத்த குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. முற்றத்து ஓரம் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "ஏம்ப்பா, இவுக என்ன கதை சொல்றாக?" என்றார். என் ராக் பாட்டுக்கு ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. ஊரைப் பிரிந்த ஏக்கம் என்றேன். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வியாபாரத்துக்கு, போனவர். பாட்டு முடியும்வரை அப்பத்தா பேசவில்லை.

கிட்டார் வேகத்துக்கு ராக்தான், சந்தேகமே இல்லை. திருச்சிக்கு வண்டி ஓட்டும்போது இன்னமும் அதுதான். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், இப்போது நான் கன்ட்ரியைத்தான் எடுப்பேன்.