பழைய தங்கச் சுரங்கப் பங்குப் பத்திரத்தை நம்பி 1,13,000 ரூபாய் இழந்தேன்: தயவுசெய்து படியுங்கள்

தபால்தலை, நாணயக் கண்காட்சிகளுக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். சென்ற ஆண்டு கோவையில் அப்படி ஒரு கண்காட்சியில் ஆரம்பித்த விஷயம், எனக்கு 1,13,000 ரூபாய் நஷ்டத்தில் முடிந்திருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை. அவர் எப்படிப் பேசினார், நான் எந்த இடத்தில் விழுந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பங்குப் பத்திரம் இருந்தது. 1880, லண்டன். வயநாட்டில் தங்கம் எடுப்பதற்காகத் தொடங்கிய கம்பெனி. ஓரமெல்லாம் கொடி வேலைப்பாடு, கீழே டைரக்டர்கள் இருவரும் செயலாளரும் மையில் போட்ட கையெழுத்து. திருப்பித் தடவினால் அழுத்து முத்திரையின் மேடு விரலில் தட்டுப்பட்டது. ஒரு பவுண்டுப் பங்குகள் நூறு, ‘முழுத்தொகையும் செலுத்தப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. விலை 18,000 ரூபாய்.

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். மாரிக்குப்பத்தில் சுரங்கத்துக்குள் இறங்கி, நுரையீரலில் தூசி படிந்து, இருமியே இறந்தார். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை நானாகவே அந்த ஆளிடம் சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“சார், அப்போ இது உங்க கைக்குத்தான் வரணும். இது வெறும் பேப்பர் இல்ல, சொத்து. இந்தக் கம்பெனி பின்னால கோலார் கம்பெனியோட சேர்ந்துடுச்சு. 1956-ல மைசூர் சர்க்கார் சுரங்கத்தை எடுத்தப்போ கொடுத்த நஷ்டஈடு லண்டன் பேங்க்ல அப்படியே கிடக்கு. பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவங்க கேக்கலாம்.”

வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து, லண்டன் வக்கீலுக்கு என்று சொல்லிப் பெயர் மாற்றக் கட்டணம் 35,000 கேட்டார். கொடுத்தேன். அடுத்த மாதம், தொகை ஒதுக்கப்பட்டுவிட்டது, அங்கே வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 60,000. அதையும் அனுப்பினேன். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். பத்திரம் நிஜம். பழைய காகிதம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் பின்னால் காட்டினேன், அசல்தான் என்றார். வயநாட்டில் தங்கம் இருந்ததும் நிஜம். 1956இல் மைசூர் அரசு கோலார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டதும் நிஜம். இந்த மூன்று நிஜங்களுக்கும் நடுவில் ஒரு பொய்யை ஒட்டவைத்திருந்தார்.

ஏமாந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வயிறு எரிந்தது. 140 வருஷத்துக்கு முன்னால் இந்தக் காகிதத்தை முதலில் வாங்கியவனையும் இதே வழியில்தான் மடக்கியிருக்கிறார்கள். அப்போது தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பூச்சியும் இலைநோயும் வந்து காப்பித் தோட்டங்கள் நொடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த பிரஃப் ஸ்மைத்தை 1879இல் இந்திய அரசு வரவழைத்து ஆராயச் சொன்னது. மறு வருஷம் வந்த அவருடைய அறிக்கை நம்பிக்கையாகப் பேசியது. அவ்வளவுதான், விலைபோகாத காப்பித் தோட்டமெல்லாம் தங்கநிலமாகிவிட்டது. 1879 கடைசியிலிருந்து 1881க்குள் தென்னிந்தியத் தங்கத்தைச் சொல்லி லண்டனில் ஆரம்பித்த கம்பெனிகள் 40க்கு மேல். பெயரளவு மூலதனம் மொத்தம் 50 லட்சம் பவுண்டு அளவு. அதில் பெரும்பகுதி, பாறையில் ஒரு உளி படுவதற்கு முன்பே, தோட்டத்தை விற்றவர்கள் கைக்கும் கம்பெனியை அமைத்தவர்கள் கைக்கும் போய்விட்டது. கல்லை அரைத்துப் பார்த்தால் டன்னுக்குச் சொற்பத் தங்கம். சில வருஷங்களில் எல்லாம் படுத்துவிட்டன. கோலாரிலும் ஆரம்பத்தில் அதே கதிதான். 1883க்குப் பிறகு சாம்பியன் ரீஃப் என்ற தங்கம் மிகுந்த பாறை அடுக்கு அகப்பட்டதால் அந்தக் கம்பெனிகள் பிழைத்தன.

‘முழுத்தொகையும் செலுத்தப்பட்டது’ என்ற வரிதான் என்னை நம்பவைத்தது. யாரோ முழுப் பணமும் கட்டியிருக்கிறார்கள், ஆகவே எங்கோ அந்தப் பணம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் அந்த வரிக்கு, இந்தப் பங்குக்கு இனிமேல் கம்பெனி பணம் கேட்காது என்பது மட்டும்தான் பொருள். ரொக்கம் உள்ளே வந்ததா என்பதை அது சொல்லாது. ஹைதராபாத் டெக்கான் கம்பெனியின் கதையைப் பார்த்தால் புரியும். நிஜாம் ராஜ்ஜியத்தில் நிலக்கரியும் மற்றக் கனிமங்களும் எடுக்க 1886இல் ஆரம்பித்தார்கள். மூலதனம் 10 லட்சம் பவுண்டு, 1,00,000 பங்குகள். அதில் 85,000 பங்குகள் நிஜாமிடம் சுரங்க உரிமம் வாங்கியவர்களுக்கே போயின, முழுத்தொகையும் செலுத்தப்பட்டதாக எழுதி! அந்த உரிமத்தைக் கம்பெனிக்குக் கொடுத்ததே பங்குகளுக்கு அவர்கள் தந்த விலையாம். நிஜாமின் அதிகாரி அப்துல் ஹக்குக்கு அதில் ரகசியப் பங்கு இருந்தது. அந்தப் பங்குகளையே நிஜாம் அரசின் தலையில் கட்டினார். விஷயம் பெரிதாகி 1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குழு போட்டு விசாரித்தது. அங்கேயும் நிலக்கரி பொய்யில்லை. இன்றைக்கும் தெலங்கானாவின் சிங்கரேணியில் வெட்டுகிறார்கள்.

சரி, நான் வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. வரிசையின் பெயர் பி.டி. 31. கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் போதும், காசு கிடையாது. எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. 1880இல் தொடங்கியது, 1916க்கு முன் கலைக்கப்பட்டது என்று இருந்தது. 1956க்கு 40 வருஷம் முன்பே செத்துப்போன கம்பெனிக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்? கலைக்கப்பட்ட கம்பெனியின் பங்குக்குச் சட்டப்படி மதிப்பே இல்லை. யாரும் கேட்காமல் மிஞ்சிக் கிடந்த சொத்து இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுக்குப் போய்விடும், பத்திரம் வைத்திருப்பவருக்கு வராது.

பழைய பத்திரங்களைச் சேகரிப்பதில் தப்பே இல்லை. அந்த அச்சு வேலைக்காகவும் வரலாற்றுக்காகவும் கொடுக்கிற விலை, அவ்வளவுதான். நான் கொடுத்த 18,000 அதிகம் என்றாலும் அதைக்கூட மறந்துவிடுவேன். மற்ற 95,000தான் மோசடி.

பணம் அனுப்பிய உடனேயே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்திருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஏழு வாரம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அப்படி இருக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.

அந்த ஆள் இன்னும் கண்காட்சிகளுக்கு வருகிறார் என்று கேள்விப்படுகிறேன். ஐம்பது வயதிருக்கும், பச்சை நிறக் கோப்பு, பேச்சு மிகவும் மரியாதையாக இருக்கும். முதலில் உங்கள் ஊரையும் தாத்தாவையும்தான் விசாரிப்பார். இப்போது நிலக்கரிக் கம்பெனிப் பத்திரமும் வைத்திருக்கிறாராம், 1970களின் நாட்டுடைமை நஷ்டஈடு பாக்கி என்று சொல்லி. ‘பெயர் மாற்றக் கட்டணம்’ என்ற வார்த்தை வந்தால் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.