எழுதின புத்தகம்: பாவித்த பாடநூல்களோடு ஏழு வருடம்

போன கிழமை புத்தகம் கட்டுகிற கடையிலிருந்து எனது பிசியோலொஜி (உடற்றொழிலியல்) புத்தகத்தைத் திருப்பி எடுத்து வந்தேன். முதுகு உறுதியாக இருந்தது. நூல் போட்டுத் தைத்து, கறுப்பு மட்டை வைத்து, மேலே துணி ஒட்டியிருந்தார்கள். 900 ரூபாவுக்கு நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு சைக்கிள் கூடையில் வைத்து வந்தேன். வீட்டில் விரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கட்டின கையோடு மூன்று பக்கமும் வெட்டி ஓரத்தைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். நாலு மில்லிமீற்றர் இருக்கும். பக்கங்கள் புதுப் புத்தகம் மாதிரி நேராக நின்றன. இடது பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்த தமிழ்க் குறிப்புகளில் முதல் எழுத்து போய்விட்டது. சில வரிகளில் இரண்டு மூன்று எழுத்து.

மேசையில் வைத்துவிட்டு அழுதேன்.

அன்றைக்குப் பின்னேரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தாள். மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். “அக்கா, புத்தகம் புதுசா வாங்கிறதா, பாவிச்சது எடுக்கிறதா? உங்களிட்ட இருக்கிறதை விப்பீங்களா?” என்று கேட்டாள். அந்த நேரம் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கும், அவளைப் போலக் கேட்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2018இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்குள் போனதிலிருந்து நான் பாவித்த புத்தகம்தான் வாங்கினேன்; படித்து முடித்ததும் விற்றேன். கணக்குக் கொப்பியில் இருக்கிறது: வாங்கினது பதினெட்டு, விற்றது பதின்மூன்று, இரவல் கொடுத்துத் திரும்பி வராதது இரண்டு. மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம், இப்போது என்ன விலை என்பதெல்லாம் பட்ச் குறூப்பில் கேட்டால் அரை மணித்தியாலத்தில் பதில் வரும். அதை இங்கே எழுதி இடத்தை நிரப்பவில்லை.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பாவித்த புத்தகத்தின் அருமை அதன் ஓரத்தில்தான். அதே ஓரத்தைக் காட்டித்தான் எல்லோரும் விலையைக் குறைக்கிறார்கள்.

நாங்கள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். சதையி, பிரிமென்றகடு, சிறுநீரகத்தி, கலன்கோளம் எல்லாம் வாயில் ஊறின சொற்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நாடிக்கும் நாளத்துக்கும் வித்தியாசம் சொல்லுவோம். பீடத்துக்குள் போன பிறகு எல்லாம் ஆங்கிலம். விரிவுரையாளர் சொல்லுகிற உறுப்பு எது, அது என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு அவர் வைத்திருக்கிற பெயர்தான் தெரியாது. நாலு பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைகள் முதல் மாதம் பின் வாங்கில் பேசாமல் இருந்ததை நான் பார்த்தேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்தப் பிசியோலொஜிப் புத்தகம் கைக்கு வந்தது. ஒரு சீனியர் அக்கா கன்ரீனில் வைத்து 1,800 ரூபாவுக்குத் தந்தா. முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள், மூன்றும் கோடு கிழித்துத் தள்ளியவை. உள்ளே மூன்று கையெழுத்து. ஒருவர் நீலப் பேனை. கிழித்த கோடுகளெல்லாம் அடிமட்டம் வைத்து நேராக இருக்கும். ஒருவர் சிவப்பு, பரீட்சையில் வந்த வருடங்களை மட்டும் குறித்திருக்கிறார். மூன்றாவது ஆள் பென்சில். சின்னச் சின்ன உருண்டை எழுத்து. அவதான் எனக்கு முதல் வருடம் படிப்பித்தவ என்று சொல்லுவேன். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ்ச் சொல், ஓரத்தில் விளக்கம். அகராதி விளக்கம் இல்லை, அவ விளங்கிக்கொண்ட விதம்.

ஒன்றைச் சொல்கிறேன். சிறுநீரக அத்தியாயத்தில், இரத்தம் வடிகட்டப்படுகிற சின்னக் கலன் முடிச்சான கலன்கோளத்துக்குள் இரத்தத்தைக் கொண்டுவருகிற புன்னாடிக்கு, அதாவது சின்ன நாடிக்கு, பெயர் அஃபரன்ற். வெளியே கொண்டுபோவது எஃபரன்ற். காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும், எழுத்தில் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. உயர்தரத்தில் உட்காவு, வெளிக்காவு என்று படித்தபோது ஒரு நாளும் குழம்பாத நான், இங்கே ஒவ்வொரு முறையும் மாறிச் சொன்னேன். படத்துக்கு இடது ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரி இருந்தது:

அ — அண்டி வருவது.
எ — எட்டப் போவது.

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு எனக்கு மாறவேயில்லை. நரம்புக்கும் இதே கணக்குத்தான். உணர்வை மூளைக்குக் கொண்டுவருவது அஃபரன்ற், மூளையின் கட்டளையை எட்டக் கொண்டுபோவது எஃபரன்ற். செக்கண்ட் எம்.பி. பரீட்சையின் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) எஃபரன்ற் சுருங்கினால் வடிகட்டல் என்னாகும் என்று கேட்டார்கள். எட்டப் போகிற வாசல் ஒடுங்கினால் உள்ளே அமுக்கம் ஏறும், அப்போது வடிகட்டல் கூடும் என்று மனதுக்குள் தமிழில் ஓடிவிட்டு, வாயில் ஆங்கிலத்தில் வந்தது. எத்தனையோ பணம் கொடுத்துப் புதுப் புத்தகம் வாங்கியிருந்தாலும் அந்த இரண்டு வரி அதற்குள் இருந்திருக்காது.

இப்போது அந்தப் பக்கத்தில் முதல் வரியில் அ இல்லை, இரண்டாவதில் எ இல்லை. “அண்டி வருவது”, “எட்டப் போவது” என்று மட்டும் நிற்கின்றன. எதற்கு எது என்று சொல்லுகிற எழுத்துத்தான் வெட்டுப்பட்டுப் போனது.

கட்டின ஐயாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. அடுத்த நாள் போய்க் கேட்டேன். “ஓரம் வெட்டாமக் கட்டினா வடிவில்லைப் பிள்ளை, எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறது” என்றார். அவர் சொன்னது உண்மை. அது அவருடைய தொழில் முறை, நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தியப் பதிப்புகளில் பலது பசையால் ஒட்டினது. ஒரு வருடம் விரித்துப் படித்தால் நடுவில் பிளந்துவிடும், கட்டாமல் விடவும் ஏலாது. ஆகவே கட்டக் கொடுக்கிறவர்கள் “ஓரம் வெட்ட வேண்டாம்” என்று வாயால் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் ஒரு துண்டிலும் எழுதி ஒட்டுங்கள்.

என் கோபம் அதற்கு முன்னாலே தொடங்கினது. பதின்மூன்று முறை விற்றதில் பத்து முறையாவது இதே வசனம் கேட்டேன்: “எழுதிக் கிடக்கே அக்கா.” சொல்லிவிட்டு ஐந்நூறு ரூபா குறைப்பார்கள். பட்டணத்தில் பழைய புத்தகம் எடுக்கிற ஒரு கடையில் நாலு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுதாமல் இருந்தால் அரை விலை, எழுதினால் கால் விலை என்றார்கள். எனது அறைத்தோழி ஒருத்தி விடுதிக் கட்டிலில் இருந்து நாலு இரவு றப்பரால் அழித்தாள். கட்டில் விரிப்பெல்லாம் றப்பர்த் தூள். நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல அழித்தாள். எழுநூறு ரூபா கூடக் கிடைத்தது. அந்தப் புத்தகத்தில் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அதில்தான் படித்தேன். வாங்கின பிள்ளைக்கு வெறும் அச்சுத்தான் போனது.

எல்லா எழுத்தும் நல்லதென்று சொல்லவில்லை. மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்க அடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நிறம் அடித்தால் எதற்குமே அடிக்கவில்லை என்றுதான் கணக்கு. தாளும் மெல்லிசு, பின்பக்கம் ஊறிவிடும். அப்படியான புத்தகத்துக்கு விலை குறைப்பது நியாயம், நானும் குறைத்துத்தான் வாங்கினேன். பென்சில் எழுத்தையும் இதையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் சட்டம் வேறாகத்தான் இருந்தது. அப்பா உயர்தரம் படித்தது 1990களின் தொடக்கத்தில். பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு புத்தகம் நாலு வீட்டுக்குப் போய் வருமாம். “புத்தகத்தில கோடு கிழிக்காத, பின்னுக்கு வாறவனுக்கு வேணும்” என்று சின்ன வயதிலிருந்து சொல்லுவார். அதனால் முதல் வருடம் நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. பின்னுக்கு வருகிற பிள்ளைக்கு அந்த எழுத்துத்தான் வேண்டும் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. பிறகு நானும் பென்சில் எடுத்தேன்.

மானிப்பாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு டொக்டர் சாமுவேல் கிறீனின் நினைவு வரும். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வேலை செய்த மிஷனரி மருத்துவர். இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். அதற்கென்று பாடநூல்களைத் தமிழாக்கி, இல்லாத சொற்களை உண்டாக்கினார். இன்றைக்கு ஆங்கிலம் தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விளங்கிக்கொள்ளுகிற வேலை எங்களுக்கு இன்னும் தமிழில்தான் நடக்கிறது. அது நடக்கிற இடம் புத்தகத்தின் ஓரம்.

சரி, பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு விஷயம்.

ஒன்று, பதிப்பு மாறுவது. உடற்கூற்றியல் புத்தகம் பத்து வருடம் பழசென்றாலும் போகும்; எலும்பு எலும்புதான். சிகிச்சை சொல்லுகிற புத்தகம் அப்படியில்லை. டேவிட்சன் என்கிற பொது மருத்துவப் பாடநூலின் 23ஆம் பதிப்பு 2018இல் வந்தது. நான் வாங்கி வைத்திருக்க, 2022இல் 24ஆவது வந்துவிட்டது. அதன் பிறகு எனது பிரதியை அரை விலைக்கும் கேட்க ஆளில்லை. இப்படியான புத்தகத்தை இறுதிப் பரீட்சை வரை கட்டிப்பிடித்துக்கொண்டிருக்காமல், வாசித்து முடித்த கையோடு விற்றுவிடுங்கள்.

மற்றது 2022, நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடம். அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் சரியில்லை. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், 200 அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவுக்கு வந்தது. மேல் மாகாணத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். கடைகளில் புதுப் புத்தகம் வரவில்லை, போட்டோக் கொப்பி விலை இரட்டிப்புக்கு மேல். அதுவரை பாதிப் பேர் போனில் பி.டி.எஃப்.தான் வாசித்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது போனில் படிக்க வழியில்லாமல் எல்லோரும் தாள் புத்தகத்துக்கு ஓடி வந்தார்கள்.

அந்த நேரம்தான் எனது உடற்கூற்றியல் புத்தகத்தை விற்றேன். 2,500 ரூபாவுக்கு வாங்கினது, 4,500க்குப் போனது. நான் விலை சொல்லவில்லை. வந்த தம்பிதான் சொன்னான். முல்லைத்தீவுப் பெடியன். பெற்றோல் இல்லாத நாட்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருந்தான். நாற்பத்தைந்து நூறு ரூபாத் தாள்களைக் கதிரையில் வைத்து இரண்டு தரம் எண்ணித் தந்தான். எங்கள் வீட்டிலும் அப்போது காஸ் இல்லை, பணம் தேவையாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவித்த பொருளுக்கு, வாங்கினதைவிட இரண்டாயிரம் கூட வாங்கினேன். ஆயிரத்தையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவன் ஒரு முறைகூட “எழுதிக் கிடக்கே” என்று சொல்லவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு டொலர் 300 அளவுக்கு இறங்கியது, பாவித்த புத்தக விலையும் இறங்கியிருக்கிறது. மொத்தமாகக் கூட்டிக் கழித்தால் ஏழு வருடத்தில் புத்தகத்துக்கு என் கையிலிருந்து போனது, புதிதாக வாங்கியிருந்தால் போயிருக்கக்கூடியதில் கால்வாசியும் இல்லை. கார்த்திகை மழைக்குப் பூஞ்சணம் பிடிப்பது, கறையான், இவையெல்லாம் உண்டு. அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் சமாளிக்கலாம். ஆகவே தங்கச்சி, பாவித்ததையே வாங்கு. வாங்கும்போது பென்சில் எழுத்து எதில் கூட இருக்கிறதோ அதை எடு.

விற்கிறதைப் பற்றிக் கேட்டாய். இவ்வளவு லாபம் சொன்ன பிறகு இதைச் சொல்வது பொருந்தாதுதான், ஆனால் இன்றைக்கு என் மனதில் இருப்பது இதுதான்: விற்காதே. விலை என்று ஒன்று வந்தவுடன் ஒருவர் அழிக்கத் தொடங்குகிறார், ஒருவர் குறைக்கத் தொடங்குகிறார், நானே ஒரு பிள்ளையிடம் இரண்டாயிரம் கூட வாங்கினேன். உனக்குப் பின்னால் வருகிற ஒருத்தியைக் கண்டுபிடித்துக் கையில் கொடு. டேவிட்சனை நீ பழைய பதிப்பென்று பார்க்காவிட்டால் இன்றைக்கே வந்து எடுத்துக்கொள், காசு வேண்டாம். ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுபோகிற சின்னப் புத்தகம் எனக்கு உள்ளகப் பயிற்சிக்கு வேண்டும், அதைத் தரமாட்டேன்.

பிசியோலொஜிக்கு ஒரு மாதம் பொறு. வெட்டுப்பட்ட எழுத்துகளை நானே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன், அதே மாதிரிப் பென்சிலால், பக்கம் பக்கமாக. பெரும்பாலானது எனக்குப் பாடம். சிறுநீரகத்தில் அ, எ இரண்டையும் போட்டுவிட்டேன். முதல் அத்தியாயத்தில் ஒரு இடம் மட்டும் முடியவில்லை. பிள்ளைப்பேற்றில் கருப்பை சுருங்கச் சுருங்க அந்தச் சுருக்கமே இன்னும் சுருக்கத்தைத் தூண்டும் என்று சொல்லுகிற பந்திக்குப் பக்கத்தில் அவ எழுதியிருந்தது: “…ம்மா சொன்ன மாதிரி, நோ வர வர இன்னும் வரும்.” அம்மாவா, அம்மம்மாவா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.